கோப்பை இருந்தும் கூப்பிடல: கனெக்டிகட் காலேஜின் கதை

2016-ல் இருந்து மூணு வருஷம் வேலைக்காக அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபர்டில் இருந்தேன். பனி கொட்டுற ஊர். ஆறு மணிக்கு மேல போக இடம் கிடையாது. ஒரு ஜனவரி சாயங்காலம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் கூடைப்பந்து மேட்சுக்குக் கூட்டிட்டுப் போனார். கனெக்டிகட் பல்கலைக்கழகம், சுருக்கமா யூகான். எதிரணி நியூ ஆர்லியன்ஸ்ல இருக்கிற துலேன். அரங்கத்துல நிறைய சீட்டு காலி.

"அந்த ஊர் இங்கேருந்து ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல. அவங்க மேல எனக்குக் கோபமும் இல்ல, பாசமும் இல்ல. சிரக்யூஸ் வந்திருந்தா உனக்கு டிக்கெட்டே கிடைச்சிருக்காது" என்றார் நண்பர். பக்கத்து ஊரை விட்டுட்டு இவ்வளவு தூரத்து ஊரோட ஏன் விளையாடணும்? அதுக்கு அவர் சொன்ன பதில்தான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல ஒரு விஷயம். இதுல நான் ஃபுட்பால்னு சொல்றது மெஸ்ஸி ஆடுறது இல்ல. ஹெல்மெட் மாட்டிக்கிட்டு மோதுற அமெரிக்க ஃபுட்பால்.

அங்கே காலேஜ்கள் எல்லாம் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்புகளா பிரிஞ்சிருக்கும். பெரும்பாலும் அதுக்குள்ளேயே லீக் ஆடுவாங்க. 1979-ல் டேவ் கேவிட் என்ற கோச் கிழக்குக் கடற்கரைக் காலேஜ்களைச் சேர்த்து 'பிக் ஈஸ்ட்' கான்ஃபரன்ஸைத் தொடங்கினார். ஜார்ஜ்டவுன், செயின்ட் ஜான்ஸ், சிரக்யூஸ், யூகான் எல்லாம் அதுல உண்டு. முழுக்கக் கூடைப்பந்துக்காகவே உருவான கூட்டம். 1985-ல் தேசியப் போட்டியின் கடைசி நாலு அணியில் மூணு இவங்களுடையது.

ஆனா 1984-லேயே அடித்தளம் ஆட ஆரம்பிச்சிருந்தது. அதுவரைக்கும் காலேஜ் ஃபுட்பால் டிவி ஒளிபரப்பை என்சிஏஏ என்ற தேசிய அமைப்புதான் கட்டுப்படுத்தியது. அது செல்லாது என்று அந்த வருஷம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதுக்கப்புறம் கான்ஃபரன்ஸ்கள் தாங்களே டிவி கம்பெனிகளோட பேரம் பேச ஆரம்பிச்சாங்க.

இங்கேதான் முடிச்சு இருக்கு. கூடைப்பந்தில் பெரிய காசு மார்ச் மாச நாக் அவுட் போட்டியில் வருது. அதை விற்பது என்சிஏஏ. 2032 வரைக்குமான 8 வருஷ நீட்டிப்புக்கு மட்டும் 880 கோடி டாலர். ஆனா அந்தப் பணம் என்சிஏஏ வழியா நாடு முழுக்கப் பிரியும். ஃபுட்பால் காசு அப்படி இல்ல. நேரா கான்ஃபரன்ஸ் கைக்கு வரும். பிக் டென் கான்ஃபரன்ஸ் 2022-ல் போட்ட 7 வருஷ டிவி ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்தி வந்தது. அதனால ஒரு புதுக் காலேஜைச் சேர்க்கும்போது முதல்ல கேட்கிற கேள்வி, "உங்க ஃபுட்பாலை டிவியில் எத்தனை பேர் பார்ப்பாங்க?"

யூகானும் சும்மா இருக்கல. 2000-க்குப் பிறகு ஃபுட்பாலை மேல்மட்டத்துக்குக் கொண்டு போனாங்க. 2003-ல் அதுக்காகவே சுமார் 40,000 பேர் உட்காரக்கூடிய மைதானம் திறந்தது. 2011 ஜனவரியில் ஃபுட்பால் அணி ஃபியஸ்டா பவுல் வரைக்கும் போய் ஒக்லஹோமாகிட்ட தோத்தது. ஏப்ரலில் கூடைப்பந்து அணி தேசியக் கோப்பையை ஜெயிச்சது. ரெண்டு குதிரையும் ஓடுதுன்னு நினைச்சிருப்பாங்க.

அதே வருஷம் சிரக்யூஸும் பிட்ஸ்பர்க்கும் பிக் ஈஸ்டை விட்டு ஏசிசி கான்ஃபரன்ஸுக்குப் போறதா அறிவிச்சாங்க. 2012-ல் ஏசிசியில் இன்னொரு இடம் காலியாச்சு. யூகான் காத்திருந்தது. அப்போ அவங்ககிட்ட ஆண்கள் கூடைப்பந்தில் மூணு தேசியக் கோப்பை, பெண்களில் ஏழு. ஆனா இடம் லூயிவில்லுக்குப் போச்சு. 2013-ல் பெரிய ஃபுட்பால் இல்லாத ஏழு கத்தோலிக்கக் காலேஜ்கள் 'பிக் ஈஸ்ட்' பேரையே எடுத்துக்கிட்டுப் பிரிஞ்சு போயிட்டாங்க. மீதி இருந்த யூகான், புதுசா அமெரிக்கன் என்று பேர் வெச்ச கான்ஃபரன்ஸில் நின்னது. அப்படித்தான் நான் துலேன் மேட்ச் பார்த்தேன்.

அந்த ஏழு சீசனில் யூகான் பெண்கள் அணி கான்ஃபரன்ஸுக்குள்ள ஒரு மேட்ச்கூட தோக்கல. 139-க்கு 139. கேட்க நல்லா இருக்கு. ஆனா ஜெயிப்போம்னு தெரிஞ்ச மேட்சுக்கு எதுக்கு டிக்கெட் எடுக்கணும்? இன்னொரு பக்கம், விளையாட்டுத் துறைக்கு பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 4 கோடி டாலருக்கு மேல கைக்காசு போட்டுக்கிட்டிருந்தது.

2019 ஜூனில் முடிவெடுத்தாங்க: திரும்ப பிக் ஈஸ்டுக்குப் போறோம். வெளியேற 1.7 கோடி டாலர் கட்டினாங்க. பிக் ஈஸ்டில் ஃபுட்பால் கிடையாது. அதனால அந்த அணி எந்தக் கான்ஃபரன்ஸும் இல்லாம தனியா நின்னது. எல்லாரும் ஃபுட்பாலுக்காகக் கூடைப்பந்தை இழுத்துக்கிட்டு ஓடும்போது, இவங்க மட்டும் எதிர்த்திசையில் நடந்தாங்க.

பலன்? 2023 ஏப்ரலில் ஒரு காலை. சென்னையில், காபி ஆறிப்போற அளவுக்கு ஃபோனையே பார்த்துக்கிட்டிருந்தேன். யூகான் 76, சான் டியேகோ ஸ்டேட் 59. 2024-ல் மறுபடியும் கோப்பை. 2025-ல் பெண்கள் அணி ஜெயிச்சது. கான்ஃபரன்ஸ் மாறினதாலதான் ஜெயிச்சாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்; கோச், வீரர்கள் எல்லாம் இருக்காங்க. ஆனா அரங்கம் மறுபடி நிரம்பிச்சு. வேடிக்கை என்னன்னா, தனியா விட்ட ஃபுட்பால் அணியும் 2024-ல் 9 மேட்ச் ஜெயிச்சது.

இதுக்கு ஒரு விலையும் உண்டு. 2020-ல் செலவைக் குறைக்க நாலு அணிகளைக் கலைக்கப் போறதா யூகான் அறிவிச்சது. ஆண்கள் டென்னிஸ், நீச்சல், கிராஸ் கன்ட்ரி மூணும் போச்சு. பெண்கள் படகோட்டும் அணி கோர்ட்டுக்குப் போய்த் தப்பிச்சது. பெரிய ஆட்டங்களின் கணக்குல அடி வாங்குறது, டிவியில் வராத இந்தப் பசங்கதான்.

மத்த இடங்களைப் பாருங்க. 2024-ல் இருந்து கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபர்ட், அட்லான்டிக் கடற்கரை என்று பேர் வெச்ச ஏசிசியில் ஆடுது. ஃபுட்பாலுக்குச் சீசனில் 12 மேட்ச், பெரும்பாலும் சனிக்கிழமை. கூடைப்பந்துக்கு 30 மேட்ச் போல, வார நடுவிலும் வரும். டிவி ஒப்பந்தம் ஃபுட்பாலை வெச்சுப் போட்டது. புதன்கிழமை ராத்திரி விமானத்துல தூங்கிட்டு வியாழக்கிழமை கிளாஸுக்கு ஓடுறது வேற பிள்ளை.

கதை முடியல. 2024-ல் பிக் 12 கான்ஃபரன்ஸ் யூகானோட பேச்சு நடத்தி நிறுத்தி வெச்சது. நாளைக்கே அழைப்பு வந்தா மறுப்பாங்களா?

நண்பர்கிட்ட போன வாரம் இதைக் கேட்டேன். "போனாலும் போவாங்க. காசு வேணும்ல" என்றார். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு மெசேஜ்: "செயின்ட் ஜான்ஸ் மேட்சுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்து வெச்சிருக்கேன். வர்றியா?"

விசா இல்லப்பா என்றேன். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.