ஒற்றை நாற்றும் ஒளித்து வைத்த லெட்ஜரும்

நம் பிள்ளைகள் தினமும் காலையில் லேப்டாப்பில் கால் மணி நேரம் கூடிப் பேசுகிறார்களே, அது ‘அஜைல்’ முறை. 2001-இல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி வகுத்தது. கருவியைவிட மனிதர் முக்கியம் என்றுதான் தொடங்குகிறது. அந்த மனிதரைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

நம் டெல்டாவில் ஒற்றை நாற்று நடவு வந்தபோதும் இதே கதைதான். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 செ.மீ. இடைவெளி. கொத்தாக நட்டுப் பழகிய பெண்களுக்குக் கயிறு பார்த்து நடுவது மெதுவான வேலை. அந்தக் கூலிக்குக் கட்டுப்படியாகுமா என்று தயங்கியது நியாயம்தானே?

வங்கிக்குக் கணினி வந்தபோது நானும் ஆறு மாதம் ஒளித்து லெட்ஜர் எழுதினேன். இளையவர்கள் முன் தப்புச் செய்ய வெட்கம், அவ்வளவுதான்.

இப்போது நம் பராமரிப்புக் கட்டணமும் செயலிக்கு மாறுகிறது. ரசீதுப் புத்தகம் இரண்டு மாதம் இருக்கட்டும். செயலி புரியாதவர்கள் மாலையில் என் வீட்டுக்கு வாருங்கள்.