பிராணவாயுவும் தேகக் காவலும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதக் கூட்டம் கலைந்தபின் நம் அன்பர் ஒருவர் சட்டைப்பையினின்றும் ஒரு மருந்துப் புட்டியை எடுத்து நம்மிடம் காட்டினார். அதன்மேல் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று அச்சிட்டிருந்தது. "முப்பது வருஷமாகப் புகை பிடிக்கிறேன், ஆயினும் தினம் இம்மாத்திரை ஒன்றை உட்கொள்வதால் எனக்குப் பயமில்லை" என்றார். அந்நம்பிக்கை தக்கதுதானா என்று ஆராய்வதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

பிராணவாயுவின்றி நாம் உயிர்வாழ முடியாதென்பது யாவரும் அறிந்ததே. இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதும், வைத்த எண்ணெயைக் காறச் செய்வதும் அவ்வாயுவேயாம். விளக்கு எரியுங்கால் ஒளியோடு கரியும் உண்டாவதுபோல, நம் உயிரணுக்கள் உணவினின்றும் சக்தி பெறுங்கால் சூப்பராக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு முதலிய தீவிரப் பொருள்கள் சிறிதளவு உண்டாகின்றன. புகையிலைப் புகை இவற்றை மிகுவிக்கும். இவை அளவு கடந்தால் அணுவிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.யையும் சிதைக்கும். ஆயினும் இவை முற்றும் பகையென்று கொள்ளலாகாது. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளைக் கொல்ல இவற்றையே ஆயுதமாகக் கொள்கின்றன. பிறவியிலேயே அவ்வாயுதம் இல்லாத குழந்தைகள் அடுத்தடுத்துக் கிருமி நோய்க்கு இரையாகின்றனர்.

ஆதலின் அழிக்காமல் அளவோடு அடக்குதலே உடலின் நோக்கம். அதற்கெனக் காவலர் உளர். அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையைச் சார்ந்த மக்கார்டு, ஃபிரிடோவிச் என்னும் இருவர் 1969-ஆம் ஆண்டில், சூப்பராக்ஸைடை மாற்றும் என்சைம் ஒன்றை வெளிப்படுத்தினர். அது சூப்பராக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக்கும். கேட்டலேஸ் என்பது அதனை நீராகவும் பிராணவாயுவாகவும் பிரிக்கும். இவற்றோடு குளூட்டாதையோன் என்பதனையும் மூன்று அமினோ அமிலங்களைக் கோத்து அணுவே ஆக்கிக்கொள்கிறது.

இக்காவலரை எப்பொழுது, எத்தனை பேரை ஏவுவது என்பதை அணு எங்ஙனம் அறியும்? இதற்கு விடை கண்டவர்களுள் முக்கியமானவர் ஜப்பானியராகிய யாமமோட்டோவும் அவர் கூட்டத்தாருமாவர். அணுவில் நெர்ஃப்-2 என்றொரு புரதம் உண்டு. காவற்படையை உண்டாக்கும் ஜீன்களை எழுப்புவது அதன் தொழில். கீப்-1 என்னும் மற்றொரு புரதம் அதனைப் பற்றிக்கொண்டு, உண்டான அரை மணிக்குள்ளாகவே அழிவுக்கு ஒப்புவித்துவிடும். ஆதலின் அமைதிக் காலத்தில் நெர்ஃப்-2 மிகாது. கீப்-1-இன் உடலில் கந்தகம் தாங்கிய உறுப்புகள் சில உள்ளன. தீவிரப் பொருள்கள் வந்து அவற்றைத் தீண்டினால் கீப்-1 தன் தொழிலைச் செய்ய இயலாது போகும். அப்பொழுது புதிதாக உண்டாகும் நெர்ஃப்-2 அழியாமல் பெருகி, உட்கருவினுட் சென்று ஜீன்களை எழுப்பும். அபாயம் நீங்கியதும் பழைய நிலை திரும்பும். ஆபத்தே மணியடிக்கிறது, மணியோசை கேட்டே காவலர் எழுகின்றனர்.

இம்மணி ஓயாது அடித்தால் நலமன்றோ எனின், அன்று. 2006-ஆம் ஆண்டில், நுரையீரற் புற்றுநோய் சிலவற்றில் கீப்-1 பழுதுற்றிருப்பதைக் கண்டனர். அங்கே நெர்ஃப்-2 கட்டின்றி உழைப்பதால், நம்மைக் காக்க வேண்டிய படை புற்றணுவைக் காத்து, மருந்துக்கும் கதிருக்கும் அது மடியாதபடி செய்கிறது.

இனி அன்பரின் புட்டிக்கு வருவோம். ஃபின்லாந்து தேசத்தில் 50 முதல் 69 வயது வரையுள்ள, புகை பிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் ஒரு பெருஞ்சோதனை நடந்தது. 1994-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, பீட்டா கரோட்டீன் மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவிகிதம் அதிகமாயிற்று. வட அமெரிக்காவில் 35,000-க்கு மேற்பட்ட ஆடவரிடம் நடந்த மற்றொரு சோதனையில், வைட்டமின் ஈ மட்டும் உண்டவர்களுக்குப் பிராஸ்டேட் புற்றுநோய் 17 சதவிகிதம் மிகுந்ததென்று 2011-இல் அறிவித்தனர். காய்கனிகளில் இயற்கையாக அமைந்த அளவு வேறு. மாத்திரையில் திரட்டிய அளவு வேறு. புகையை விடாது மாத்திரையை நம்புதல், கூரையில் தீயை வைத்துவிட்டுக் குடத்தைத் தேடுவதாகும்.

இன்னொன்று, தாய்மார்கள் ஊன்றிக் கேட்க வேண்டியது. இரத்தச் சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. ஆதலின் அது புதிய காவலரை உண்டாக்க வகையில்லை. இருக்கும் குளூட்டாதையோனைப் புதுப்பித்துக்கொள்ள ஜி-6-பி-டி என்னும் என்சைமையே நம்பியுள்ளது. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. மலேரியா மருந்தாகிய பிரைமாகுவின் உண்ட சிலருக்குச் சிவப்பணுக்கள் உடைந்த காரணத்தைத் தேடியே, 1956-இல் இக்குறையைக் கண்டனர். துணிப்பெட்டியில் இடும் நாப்தலீன் அந்துருண்டையின் வாடையும் இக்குறையுள்ள சிசுவுக்குக் கொடிய காமாலையையும் சோகையையும் விளைக்கக்கூடும். இது தாய்வழியாக ஆண்மக்களுக்கு வருவது. நம்மவரிடையேயுள்ளதுபோல் தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுக்கும் குடும்பங்களில், இரு பக்கமும் குறை இருப்பின், பெண்மக்களுக்கும் முழுமையாக வந்துவிடலாம். எளிய இரத்தப் பரிசோதனையால் இதனை அறியலாம்.

ஆகவே நாம் வேண்டிக்கொள்வன மூன்று. புகையை அறவே விடுக. வைத்தியர் சொல்லாத மாத்திரையை, விசேஷமாகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர், உட்கொள்ளாதிருக்க. சிசுவின் துணிகளில் அந்துருண்டை இடற்க; தாய்வழிச் சுற்றத்தில் எவருக்கேனும் மருந்தால் காமாலையோ சோகையோ வந்திருந்தால், அதனை வைத்தியரிடம் மறையாது கூறுக. குலப்பெருமை குறையுமென்று மறைத்து ஒரு குழந்தையை இழப்பதினும், வெளியிட்டுக் காப்பதே குலத்துக்குப் பெருமையாம்.

புட்டி காட்டிய அன்பர் இன்று முன்வரிசையில் வீற்றிருக்கிறார். அடுத்த கூட்டத்திற்கு அவர் புகையையும் புட்டியையும் ஒருங்கே விட்டு வருவாராக என்று வேண்டி அமர்கின்றோம்.