நஞ்சுக்கொடியும் சீம்பாலும்



பசு கன்று ஈன்றதும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து, ஆலமரக் கிளையில் தொங்கவிடுவது நம் ஊர்களின் வழக்கம். ஆல் பாலுள்ள மரம். அதுபோல் பசுவும் பால் பெருக்கும் என்பது முன்னோர் நம்பிக்கை. இதனைக் கேலி செய்ய நாம் வரவில்லை. நாய் தெருவில் இழுத்துப் போடாமலும், பசுவே தின்றுவிடாமலும் காத்த வழக்கம் அது. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பது அதனினும் நன்று. மாதம் நிறையாமல் கன்று வீசிய பசுவின் கொடியையோ மரத்தில் கட்டவே கூடாது; வெறுங்கையால் தொடவும் கூடாது. மனிதரையும் தொற்றும் நோய் அதில் இருக்கக்கூடும்.

ஆனால் மற்றொரு வழக்கத்தைப் பற்றி இவ்வாறு பரிந்து பேசுவதற்கில்லை. கொடி விழும்வரை கன்றை மடியில் விடக்கூடாது என்று பல வீடுகளில் பெரியவர்கள் தடுக்கிறார்கள். கொடி விழ 8 மணி நேரமும் ஆகலாம், 12 மணி நேரமும் ஆகலாம். நடுநிசியில் பிறந்த கன்று மறுநாள் உச்சிவேளை வரை வெறும் வயிற்றுடன் நடுங்கிக் கிடப்பதை நாமே கண்டிருக்கிறோம். அத்தகைய கன்றுகள் சில நாட்களில் கழிச்சல் கண்டு மடிந்ததையும் கண்டிருக்கிறோம். கண் பட்டது என்றார்கள். பட்டினி என்று ஒருவரும் சொல்லவில்லை.

பிறந்த கன்றின் உடலில் நோயை எதிர்க்கும் சக்தி ஏறக்குறைய இல்லை. அது தாயின் சீம்பால் வழியாகவே வந்து சேர வேண்டும். கன்றின் குடல் அச்சக்தியை நன்கு ஏற்பது முதற் சில மணி நேரமே; ஒரு நாள் கடந்தால் அவ்வழி அடைபட்டுவிடும். ஆகவே 2 மணி நேரத்திற்குள் முதல் ஊட்டு நடந்தாக வேண்டும். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது, பல வேளையாக, அவசியம்.

கன்று ஊட்டினால் கொடி தங்கிவிடும் என்பது வீண் அச்சம். கன்று மடியை முட்டிச் சப்பும்போது பசுவின் உடலில் ஊறும் சுரப்பு, பாலை இறக்குவதோடு கருப்பையையும் சுருங்கச் செய்கிறது. கொடி விழுவதற்கு அதுவே துணை. 12 மணி நேரம் கடந்தும் விழாவிடில் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கையால் இழுப்பதும், கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் வேண்டாம். கருப்பை புண்பட்டால் பசு மறுபடி சினை பிடிப்பதே அரிதாகிவிடும்.

அண்டை வீடுகளுக்குச் சீம்பால் வழங்குவது நல்ல வழக்கந்தான். கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்த்து வேகவைத்த சீம்பாலில் நமக்கும் பிரியமுண்டு. கன்றின் வயிறு நிறைந்தபின் மிகுந்ததைக் கறந்து கொடுங்கள்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டில் பசு ஈனும் தறுவாயிலுள்ள வீட்டுக்கு முன்னதாகவே சென்று, அவ்வீட்டுப் பாட்டியாரிடம் முதலில் பேசுங்கள். மாட்டுக் கொட்டிலில் அவர் சொல்லே செல்லும்.