பண்பும் பயனும்: அக்ரூட் மரம் வழியே ஒரு பாடம்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மரத்தின் பயன்களைக் கேட்டால் நம் மாணவர்கள் கதவு, சன்னல், மேசை, நாற்காலி என்று அடுக்கிவிடுவார்கள். "அதற்கு ஏன் அந்த மரம்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பண்பையும் பயனையும் தனித்தனிப் பட்டியலாக மனப்பாடம் செய்ததன் விளைவு இது. இரண்டையும் இணைத்துக் காட்ட நல்ல எடுத்துக்காட்டு, காஷ்மீரின் அக்ரூட் மரம். வால்நட் பருப்பு தரும் மரம்தான் அது.

ஸ்ரீநகர்க் கலைஞர்கள் சினார் இலை, தாமரை, திராட்சைக் கொடி ஆகியவற்றை இம்மரத்தில் செதுக்குகிறார்கள். இதன் இழைகள் நெருக்கமானவை. ஆகவே மெல்லிய விளிம்பும் உளிக்கு உடையாமல் நிற்கும். வைரக்கட்டை இயல்பாகவே பழுப்பு நிறம். வண்ணம் பூச வேண்டாம், மெருகேற்றினால் போதும். வேர்ப்பகுதிக் கட்டையில் நிறமும் வரிகளும் அதிகம் என்பதால் கிளைக்கட்டையைவிட விலையும் அதிகம்.

அறுத்த பலகையை உடனே செதுக்குவதில்லை. காற்றோட்டமான நிழலில் ஆண்டுக்கணக்கில் உலர்த்துகிறார்கள். வெயிலில் வேகமாக உலர்ந்தால் மேற்பரப்பு முதலில் சுருங்கி வெடித்துவிடும்.

உலர்ந்த மரத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 640 கிலோகிராம். "நீரில் மிதக்குமா?" என்று எட்டாம் வகுப்பில் கேளுங்கள். எடை மிகாமல் அதிர்வையும் தாங்குவதால் துப்பாக்கியின் பின்கட்டைக்கும் இதைப் பயன்படுத்தினர்.

குறையும் உண்டு. இம்மரத்தில் டானின் உள்ளது. ஈரத்தில் இரும்பு ஆணி பட்டால் கறுப்புக் கறை படியும். கெட்டியான தேயிலை வடிநீரில் துருப்பிடித்த ஆணியை ஓரிரவு போட்டுவைத்தால் இவ்வினையை வகுப்பிலேயே காணலாம். கடுக்காய் மை தயாரித்த முறையும் இதுவே.

இனி மாணவர்கள் விவாதிக்க ஒரு கேள்வி. பருப்பு ஆண்டுதோறும் கிடைக்கும். பலகையோ மரத்தை வெட்டினால்தான் கிடைக்கும். ஜம்மு காஷ்மீரில் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றி அக்ரூட் மரத்தை வெட்ட முடியாது. விவசாயியின் வருவாய், கலைஞரின் பிழைப்பு, மரத்தின் ஆயுள் மூன்றையும் எப்படிக் காப்பது? இதற்கு ஒரே விடை இல்லை. அதனால்தான் இது நல்ல கேள்வி.

அக்ரூட் நம் ஊரில் கிடைக்காவிட்டாலும் பாடம் நடத்தலாம். தச்சுப்பட்டறையில் மீதமாகும் துண்டுகளைக் கொண்டுவரச் செய்யுங்கள். எடை பார்க்கட்டும், இழை பார்க்கட்டும், ஆணி அடித்துப் பார்க்கட்டும். மிருதங்கத்துக்கு ஏன் பலா, வண்டிச் சக்கரத்துக்கு ஏன் கருவேலம் என்று தச்சரிடமே கேட்டு எழுதி வரட்டும். அந்த விடைகள் தேர்வு முடிந்த பின்னும் மறக்காது.