இருபதாவது மரபணு

1940-களில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அங்கே பிறந்த சுண்டெலிகளில் சில ஆண் குட்டிகளுக்குத் தோல் செதில் செதிலாக உரிந்தது. மண்ணீரலும் நிணநீர் முடிச்சுகளும் வீங்கின. சில வாரங்களில் செத்துப்போயின. கதிர்வீச்சு இதற்குக் காரணமில்லை, தானாக நேர்ந்த மரபணுப் பிழைதான். ஆனாலும் 'ஸ்கர்ஃபி' என்ற அந்த வம்சத்தை விடாமல் வளர்த்தார்கள். நேயர்களே, இந்தப் பொறுமைக்கே தனியாக ஒரு பரிசு கொடுத்திருக்கலாம்!

குட்டிகளைக் கொன்றவை அவற்றின் சொந்த நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் என்பது 1990-களில் தெரிந்தது. சியாட்டில் அருகே ஒரு மருந்து நிறுவனத்தில் மேரி பிரன்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் பிழை எங்கே என்று தேடினார்கள். இன்றைய கருவிகள் இல்லாத காலம். கோடிக்கணக்கான எழுத்துகள் கொண்ட எக்ஸ் குரோமோசோமில் சுமார் ஐந்து லட்சம் எழுத்துகள் உள்ள பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். அதில் இருபது மரபணுக்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்; பத்தொன்பதில் குறையே இல்லை. இருபதாவதில் இருந்தது பிழை! அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயர். இதே மரபணு கெட்டால் மனிதரில் ஆண் குழந்தைகளுக்கு ஐபெக்ஸ் என்ற கொடிய நோய் வருகிறது என்பதையும் 2001-ல் வெளியிட்டார்கள். தீராத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி, கைக்குழந்தைப் பருவத்திலேயே நீரிழிவு.

ஜப்பானில் ஷிமோன் சகாகுச்சி வேறு வழியில் வந்துகொண்டிருந்தார். பிறந்த மூன்றாம் நாள் டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டால் எலியின் நோய் எதிர்ப்பு குறையத்தானே வேண்டும்? மாறாக, அது தன் உறுப்புகளையே தாக்கியது. நல்ல எலியின் டி செல்களைச் செலுத்தினால் தாக்குதல் நிற்கிறது என்று அவர் கண்டார். 'அடக்கும் டி செல்' என்று சொன்னாலே சக விஞ்ஞானிகள் முகம் சுளித்த காலம் அது. 1995-ல் அவற்றின் அடையாளத்தையே காட்டிவிட்டார்: மேற்பரப்பில் சிடி25 என்ற புரதம். அவற்றை உருவாக்குவது ஃபாக்ஸ்பி3 என்பது 2003-ல் உறுதியானது.

இந்த அடக்கும் செல்களும் உதவி டி செல்களின் சிடி4 குடும்பம்தான். சகோதரர்களான மற்ற டி செல்கள் கிளர்ந்தெழும்போது சுரக்கும் இன்டர்லூக்கின்-2 என்ற வளர்ச்சிப் பொருளைச் சிடி25 வழியே இவை உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால் மற்றவற்றின் பெருக்கம் தணிகிறது. வேறு வழிகளும் உண்டு, இன்று நேரமில்லை.

2025-ன் மருத்துவ நோபல் மூவருக்கும் கிடைத்தது. அறிவிப்பு வந்த நாளில் ராம்ஸ்டெல் அலைபேசித் தொடர்பே இல்லாத மலைப்பகுதியில் இருந்தார். நோபல் குழுவால் அவரைப் பிடிக்க முடியவில்லை.

இந்த அடக்கும் டி செல்களைப் பெருக்கி முடக்குவாதம், லூபஸ் போன்றவற்றைத் தணிக்க முடியுமா என்ற சோதனைகள் நடக்கின்றன. அதுவரை, தன்னுடல் தாக்கு நோய் உள்ள நேயர்கள் 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று விற்கும் டானிக்குகளை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்; அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.