அடுப்படிப் புகை
(லயத்துக் கூட்டத்தில் பேசியது)



காற்று கெடுவது என்றால் கொழும்பில் பஸ் விடும் கரும்புகை என்று நினைக்கிறோம். மலையில் நல்ல காற்றுதானே என்கிறோம். வெளியில் சரி, காம்பராவுக்குள்ளே?

விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எழும்பி ரொட்டி சுடுகிறார். குளிருக்குக் கதவைச் சாத்தியாச்சு. ஈர மிலாறு எரியாமல் புகைகிறது. இந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியாத தூள் இருக்கிறது. தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குதான். மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போகும், இரத்தத்திலும் கலக்கும்.

சுருட்டு, பீடி தொட்டே அறியாத அம்மாமார் மேட்டு மலை ஏற முடியாமல் மூச்சு வாங்குவதைப் பார்க்கிறோம். கேட்டால் "வயசாயிருச்சுங்க" என்பார்கள். ஐம்பது வயதெல்லாம் ஒரு வயதா? வருஷக்கணக்காகக் குடித்த அடுப்புப் புகையும் அதில் இருக்கிறது. அப்படிச் சுருங்கிய மூச்சுக்குழாய் பழையபடி ஆகாது. கண்புரைக்கும் இந்தப் புகை ஒரு காரணம். கர்ப்பிணி சுவாசித்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம். அடுப்படியில் இடுப்பில் இருக்கும் கைப்பிள்ளைக்கு நியூமோனியா சீக்கிரம் பிடிக்கும். வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டது.

காஸ் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு வாய் வரவில்லை. 2022இல் காஸ் விற்ற விலையும், நின்ற கியூவும் மறக்கவில்லை. விறகுதான் என்றால், மிலாறை வெட்டி மழை படாத இடத்தில் அடுக்கிக் காயவிடுங்கள். ஆண்களும் இதற்குக் கை கொடுக்கவேண்டும். பானையை மூடி வையுங்கள். பற்றவைக்கச் சொப்பின் பை போடவேண்டாம், அது நஞ்சுப் புகை. பிள்ளையை முன் காம்பராவில் யாராவது வைத்துக்கொள்ளட்டும். ராத்திரி குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே வைத்து மட்டும் கதவைப் பூட்டாதீர்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கினவர் எழும்பாமலே போகலாம்.

எங்கள் குறையையும் சொல்கிறோம். ஒழுகுது என்று பல வீடுகளில் புகைக்கூட்டைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். அவர்களில் பிழையில்லை, அடுப்பில் மழை விழுந்தால் சோறு எப்படி வேகும்? நீங்கள் சொன்னதைப் புத்தகத்தில் எழுதினோம், எழுதினதோடு சரி. இந்த முறை வீட்டு இலக்கத்தோடு பட்டியல் எடுத்துத் துரையிடம் கொடுக்கப்போகிறோம். சனிக்கிழமை கொழுந்து நிறுத்த பிறகு பிள்ளை மடுவத்தில் இருப்போம். கூடு அடைத்த வீட்டுக்காரர் எல்லோரும் வந்து பெயர் கொடுங்கள்.