கொடிப் பெயர்களும் அவை காக்கும் உறவுகளும்



பூச்சோங்கில் கூடியிருக்கும் நாம் கொடிகளைப் பற்றிப் பேசுவதற்குத் தக்க காரணம் உண்டு. இந்நகரின் அடுக்குமாடிகளுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் நடுவே ஆயர் ஹீத்தாம் வனக் காப்பகம் ஏறத்தாழ 1,200 எக்டேர் பரப்பில் இன்றும் நிற்கிறது. சிலாங்கூர் மாநில அரசு 1996-ஆம் ஆண்டில் அதனை மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்திற்கு 80 ஆண்டுக் குத்தகைக்கு அளித்தது. அத்தகைய தாழ்நிலக் காடுகளில் மரத்திற்கும் மரத்திற்கும் இடையே பாலமாக அமைவன வன்கொடிகளே. அவற்றின் வழியே அணிலும் குரங்கும் நிலத்தில் இறங்காமல் செல்கின்றன. வெட்டுக்கத்தி அக்கொடியை அறுக்கும்போது ஒரு வழியும் அறுபடுகிறது.

கொடி என்பதைத் தனிச் சாதியாகக் கருதுவது நம் வழக்கம். தொல்காப்பிய மரபியலோ வயிரம் புறத்தே அமைந்ததைப் புல் என்றும், அகத்தே அமைந்ததை மரம் என்றும் பகுக்கிறது. அந்த அளவுகோலை நம் காட்டில் வைத்துப் பார்ப்போம். பள்ளிகளில் அடிக்கும் கோலாக மட்டும் நம் பிள்ளைகள் அறிந்த பிரம்பு, உண்மையில் மரமேறும் பனையினம். அதன் வன்மை புறத்தோலில் இருப்பதால் அது புல். உள்ளே வயிரம் பாய்ந்த வன்கொடி, அதே இலக்கணப்படி மரம். ஆகவே கொடி என்னும் சொல் உடலமைப்பைக் காட்டிலும் வாழும் முறையையே குறிக்கிறது எனலாம்.

அம்முறையைச் சொல்லத் தமிழில் வினைச்சொற்கள் பல உள. பின்னுவது ஒன்று; பற்றுவது மற்றொன்று; படர்வது பிறிதொன்று. மிளகும் வெற்றிலையும் பற்றுவேரால் ஏறுகின்றன. பாகல் பற்றுக்கம்பியால் ஏறுகிறது. காந்தள் தன் இலைநுனியையே சுருட்டிப் பிடித்துக்கொள்கிறது. பிரம்பு வளைந்த முட்களை மாட்டி ஏறுகிறது. தாங்கி நிற்பதற்குக் கொழுகொம்பு என்று தனிப்பெயரே இருக்கிறது. படர் என்னும் சொல் நினைவையும் துன்பத்தையும் குறிக்கும். திருக்குறளில் 'படர்மெலிந்திரங்கல்' என்றோர் அதிகாரமும் உண்டு.

பெயர்ச்சொற்களுக்கு வருவோம். தமிழகத்தின் வறண்ட நிலத்தில் படரும் ஒரு செடிக்கு ஆடுதீண்டாப்பாளை என்று பெயர். 'தீண்டா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'ஆடு இதனைத் தீண்டாது' என்னும் முழு வாக்கியம் ஒரு பெயருக்குள் ஒடுங்கியிருக்கிறது. எதையும் மேயும் ஆடு எதை மேயவில்லை என்று ஓர் இடையர் கூர்ந்து நோக்கியிராவிடில் இப்பெயர் பிறந்திராது.

ஆடு ஒதுக்கிய அந்நஞ்சு வேறோர் உயிருக்குக் காப்பாகிறது. ஆடுதீண்டாப்பாளை அடங்கிய அரிஸ்டோலோக்கியா பேரினத்துக் கொடிகள் மலேசியக் காடுகளிலும் உள்ளன. நம் நாட்டின் தேசியப் பட்டாம்பூச்சியாகிய ராஜா புரூக், இக்கொடிகளின் இலைகளை உண்டே புழுப்பருவத்தைக் கடக்கிறது. 1855-இல் இதற்குச் சராவாக்கின் ராஜா ஜேம்ஸ் புரூக்கின் பெயரைச் சூட்டியவர் இயற்கையியலாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ். புழு இலையின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதனை வெறுக்கின்றன. கொடி அழிந்தால், எத்தனை மலர்கள் பூத்திருந்தாலும் அப்பட்டாம்பூச்சிக்கு அடுத்த தலைமுறை இல்லை. மலர்த்தேன் பல பூக்களில் கிடைக்கும்; புழுவுக்கு உணவாகும் இலையோ இந்த இனத்தில் மட்டுமே உண்டு.

கொர்தால்சியா என்னும் பிரம்பினத்திலும் இத்தகைய உறவைக் காணலாம். அதன் சில வகைகளில் இலையுறை உப்பி எறும்புகளுக்கு வீடாகிறது. கொடியைத் தொட்டால் எறும்புகள் உள்ளிருந்து சலசலவென ஒலியெழுப்பும்.

'இம்மண்ணின் கொடிகளுக்குத் தமிழில் பெயர் ஏது?' என்று மாணவர் கேட்கலாம். சாலையோர வேலிகளில் படரும் சிறுபூனைக்காலியே அதற்கு விடை. அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த கொடி. நம் முன்னோர் பூனைக்காலி என்னும் பழம்பெயருக்குச் 'சிறு' என்னும் அடையை முன்னே சேர்த்து அதனைத் தமிழாக்கினர். அதன் இலையை உண்ணும் டானி காஸ்டர் என்னும் மஞ்சட்பழுப்புப் பட்டாம்பூச்சி இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. அது கிழக்கு நோக்கிப் பரவி, மலேசியத் தீபகற்பத்தைக் கடந்து, 2006-இல் சிங்கப்பூரிலும் 2012-இல் ஆஸ்திரேலியாவிலும் காணப்பட்டது. உண்ணும் கொடி முன்னரே அங்கெல்லாம் வேரூன்றியிருந்ததால் அப்பூச்சியும் அங்கே வாழ முடிந்தது. வந்த கொடிக்குப் பெயரிட முடிந்த மொழிக்கு, நாம் வந்து வாழும் மண்ணின் கொடிக்கும் பெயரிட முடியும். மலாய்ப் பெயரையும் தெமுவான் மக்களின் பெயரையும் கேட்டறிந்த பின்னரே அப்பணியைத் தொடங்குதல் முறை.

ஆசிரியர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். பள்ளி வேலியைத் துப்புரவு செய்யுமுன் ஒரு வாரம் பொறுங்கள். மாணவர் கையில் ஓர் ஏட்டைக் கொடுத்து நான்கு செய்திகளை எழுதச் சொல்லுங்கள்: கொடியின் பெயர் என்ன, அது எவ்வாறு ஏறுகிறது, எதனைப் பற்றி ஏறுகிறது, அதனை நாடி வரும் உயிர் எது. பெயர் தெரியாத இடத்தை வெறுமையாக விடட்டும். மற்ற மூன்றையும் நிரப்பட்டும். ஆடுதீண்டாப்பாளை என்னும் பெயரும் அத்தகைய நோக்கிலிருந்தே பிறந்தது. நான்காம் செய்தியில் ஒரு புழுவின் பெயர் ஏறிவிட்டால், அந்த வேலியை எப்போது வெட்டலாம் என்பதை மாணவரே உங்களுக்குச் சொல்வர்.